முழு மனதோடு வேதம் வாசிக்க: தினசரி தியானத்துக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வருஷ முடிவில் என் வேதவாசிப்பு அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள், எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தேன். அதே வருஷம் முழுக்க என் அண்ணனோடு நான் பேசவில்லை. இரண்டும் ஒரே மனுஷனுக்குள் எப்படி ஒன்றாக இருக்க முடிந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை.

அடுத்த வருஷம் நாளாகமம் வாசிக்கும்போது அமத்சியா ராஜாவைப் பற்றிய ஒரு வரி என்னை நிறுத்தியது. "அவன் கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழுமனதோடே அப்படிச் செய்யவில்லை" (2 நாளாகமம் 25:2). முந்தின வருஷமும் இதை வாசித்து டிக் போட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் அது என்னைப் பற்றிய வரியாகக் கேட்டது. செம்மையானதைச் செய்தேன், முழுமனதோடே செய்யவில்லை.

அந்த நாளிலிருந்து, முழுமனது எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி. பக்தியை முதலில் நமக்குள் மூட்டிக்கொண்டு, அந்தச் சூட்டோடு வேதத்தைத் திறக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். யோசியா ராஜாவின் சரித்திரம் அந்த வரிசையை மாற்றியது. எட்டு வயதில் ராஜாவானவன் அவன். அவன் அரசாண்ட 18ஆம் வருஷத்தில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைக்கிறது. கர்த்தருடைய வீட்டுக்குள்ளேயே இருந்தும் யாரும் திறக்காமல் கிடந்த புஸ்தகம் அது! ராஜாவின் எழுத்தனான சாப்பான் வாசிக்கிறான், ராஜா கேட்கிறான், வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். "உன் இருதயம் இளகி" என்று கர்த்தர் அவனைப் பற்றிச் சொல்கிறார். முழு இருதயம், முழு ஆத்துமா, முழுப் பலம் என்று உபாகமம் 6:5 கேட்கிற மூன்றோடும் கர்த்தரிடத்தில் திரும்பினவன் என்ற சாட்சி 2 இராஜாக்கள் 23:25இல் அவனுக்குத்தான் கிடைக்கிறது. வசனம் முதலில் வந்தது, இருதயம் அதன் பிறகு இளகியது.

அதனால், "எனக்கு இப்போது வாஞ்சையே இல்லை, வாஞ்சை வந்ததும் வாசிக்கிறேன்" என்று இருப்பவர்களிடம் என் முதல் ஆலோசனை, காத்திருக்க வேண்டாம் என்பதுதான். வறண்ட மனதோடேயே உட்காருங்கள். நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. நேரமும் இடமும்

இதை நீட்ட வேண்டியதில்லை. இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. காலை எனக்கு நல்லது, ஏனென்றால் அன்றைய நாள் இன்னும் என்மேல் ஏறி உட்காரவில்லை. இரவுப் பணி செய்கிறவருக்கும் கைக்குழந்தை உள்ள தாய்க்கும் வேறு நேரம் பொருந்தும், அதில் குற்றவுணர்வு வேண்டாம். எந்த நேரமானாலும் நாள்தோறும் அதே நேரம், அதே இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிஷம் போதும். போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். செயலியில் வாசிப்பது தவறில்லை. ஆனால் ஒரு வசனத்தின் நடுவில் ஒரு செய்தி வந்து விழுந்தால் நான் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று எனக்குத் தெரியும். அச்சிட்ட வேதாகமத்துக்கு மாறிவிட்டேன்.

2. எங்கிருந்து தொடங்குவது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போக முயன்று, லேவியராகமத்தில் நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் யோசனை மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரங்கள்தான், நடை வேகமானது, இயேசு யார் என்ற கேள்வியை விட்டு அது விலகுவதே இல்லை. அப்புறம் யோவான், அதன் பிறகு பிலிப்பியர் போன்ற சிறிய நிருபம் ஒன்று. அதற்கப்புறம் ஆதியாகமம், யாத்திராகமம் என்று போனால் அங்கே பார்க்கிற ஆட்டுக்குட்டியும் இரத்தமும் எதைக் காட்டுகின்றன என்று புரியத் தொடங்கும். கூடவே தினமும் ஒரு சங்கீதம்.

புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 52 வாரத்தில் சரியாக முடிகிறது. மிச்ச இரண்டு நாள் திரும்பிப் பார்க்க. முழு வேதாகமத்தையும் ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்று முதல் நான்கு அதிகாரங்கள் தேவை. அதை இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

அட்டவணைகளில் பழைமையானதும் இன்றும் பலர் பின்பற்றுவதுமான ஒன்றை ராபர்ட் மர்ரே மெக்செயின் என்ற ஸ்காட்லாந்து போதகர் 1842இல் தம் சபைக்காகத் தயாரித்தார். அதன்படி வாசித்தால் வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் முடியும். மறு வருஷமே, 29 வயதில் அவர் மரித்துப்போனார். அந்த அட்டவணையைக் கொடுத்தபோதே அதிலுள்ள ஆபத்துகளையும் அவர் எழுதிவைத்தார்: அது வெறும் சடங்காகிவிடலாம், வாசித்ததாலேயே நம்மை நீதிமான்களாக எண்ணிக்கொள்ளலாம், கவனமில்லாமல் ஓட்டிவிடலாம், சிலருக்குத் தாங்க முடியாத நுகமாகவும் ஆகிவிடலாம். இதைப் படித்தபோது என் டிக் போட்ட அட்டவணையை அவர் பார்த்துவிட்டது போல இருந்தது. அட்டவணையைத் தூக்கி எறியவில்லை. ஆனால் அதை என் பக்திக்குச் சாட்சியாக வைத்துக்கொள்வதை விட்டேன்.

3. திறப்பதற்கு முன்

சிறிய ஜெபம் போதும். எனக்கு இரண்டு வசனங்கள் பழக்கமாகிவிட்டன. ஒன்று, "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்" (சங்கீதம் 119:18). மற்றது சங்கீதம் 86:11இன் கடைசி வரி: "என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்." தாவீதே தன் இருதயம் பல திசையில் சிதறிக் கிடக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதை ஒன்றுசேர்க்கும்படி கேட்கிறான். முழுமனதைத் தரும்படி கேட்கலாம் என்பதே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

நீண்ட ஜெபத்தை வாசிப்புக்குப் பிறகு வையுங்கள். பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்து வருஷத்துக்கும் மேலாக அவர் காலையில் எழுந்ததும் முதலில் ஜெபித்துவந்தார். பல நாள் கால் மணி, அரை மணி நேரம் மனம் அலைந்துகொண்டே இருக்கும். பிறகு வசனத்தை முதலில் வாசித்துத் தியானிக்கத் தொடங்கினார். சில நிமிஷங்களிலேயே அந்தத் தியானம் தானாக ஜெபமாக மாறியது என்கிறார். நானும் அப்படிச் செய்து பார்த்தேன், அதுவே நிலைத்துவிட்டது. தானியேலும் அப்படித்தான்: எருசலேம் 70 வருஷம் பாழாய்க் கிடக்கும் என்று எரேமியாவின் புஸ்தகத்தில் வாசிக்கிறான், உடனே உபவாசித்து ஜெபிக்கிறான் (தானியேல் 9:2, 3).

4. வாசிப்பது

இங்கேதான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முதலில், வாய்விட்டு வாசியுங்கள். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனதைப் பிலிப்பு கேட்டான் என்று அப்போஸ்தலர் 8 சொல்கிறது. கேட்கும்படியாக வாசித்திருக்கிறார். சங்கீதம் 1:2இல் "இரவும் பகலும் தியானமாயிருக்கிற" என்று வருகிற இடத்திலுள்ள எபிரெயச் சொல் வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கிறது. சிங்கம் தன் இரையின்மேல் கெர்ச்சிப்பதற்கும் (ஏசாயா 31:4) புறா புலம்புவதற்கும் (ஏசாயா 38:14) அதே சொல்தான். ஆகவே தியானம் என்றால் கண்ணை மூடி மனதைக் காலியாக்குவது என்று நினைக்க வேண்டாம். ஒரே வரியை உதட்டில் வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்வதும் தியானம்தான்.

பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை கதையோ வாதமோ எங்கே போகிறது என்று பார்க்க. இரண்டாம் முறை மெதுவாக, எந்த வார்த்தை திரும்ப வருகிறது, யார் என்ன கேட்கிறார், யார் என்ன விடுகிறார் என்று பார்க்க.

மாற்கு 10ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 52 வசனங்கள். அவசரமாக வாசித்தால் தனித்தனிச் சம்பவங்கள்: பிள்ளைகள், ஐசுவரியவான், யாக்கோபும் யோவானும், குருடனான பர்திமேயு. மெதுவாக வாசித்தபோது ஒன்றைக் கவனித்தேன். யாக்கோபையும் யோவானையும் பார்த்து, நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார். 15 வசனம் தள்ளி, பர்திமேயுவிடமும் அதே கேள்வி. சீஷர்கள் வலதுபக்கத்தையும் இடதுபக்கத்தையும் கேட்டார்கள். குருடன் பார்வையைக் கேட்டான். கூடவே இருந்தவர்கள் மகிமையில் இடம் கேட்க, வழியோரத்தில் உட்கார்ந்திருந்தவன் தன் உண்மையான தேவையைக் கேட்டான். அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் ஒன்று. ஐசுவரியவான் ஓடிவந்தான், முழங்கால்படியிட்டான், கற்பனைகளைச் சிறு வயதுமுதல் கைக்கொண்டிருந்தான். "உன்னிடத்தில் ஒரு குறைவு உண்டு" என்றார் இயேசு, அதுவும் அவனிடத்தில் அன்புகூர்ந்தபடி சொன்னார். அவன் துக்கத்தோடே போய்விட்டான். பர்திமேயுவோ கூப்பிட்டதும் "தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு" எழுந்து வந்தான். பிச்சைக்காரனுக்கு அந்த மேல்வஸ்திரம் சாதாரணப் பொருளாக இருந்திருக்காது. நிறைய இருந்தவன் கையை விரிக்கவில்லை, ஒன்றே இருந்தவன் அதை எறிந்தான். கடைசி வரியில் பர்திமேயு "வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான்". அந்த வழி எருசலேமுக்கு, சிலுவைக்குப் போகிற வழி. முழுமனது என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த அதிகாரத்தை வாசிக்கச் சொல்வேன்.

இப்படிப் பார்க்க இறையியல் பட்டம் தேவையில்லை. வேகத்தைக் குறைத்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: வசனத்தை அதன் இடத்திலிருந்து பிய்த்தெடுக்காதீர்கள். எரேமியா 29:11 எல்லாருக்கும் பிடித்த வாக்குத்தத்தம். அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. அதைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் அந்த நாளைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். இதைச் சேர்த்து வாசிக்கும்போது வாக்குத்தத்தம் சிறியதாவதில்லை. பொறுமையாகக் காத்திருக்கிறவனுக்குரிய ஆறுதலாக அது இன்னும் ஆழமாகிறது.

மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் இரண்டை அருகருகே வையுங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று பழைய மொழிபெயர்ப்பில் மனப்பாடமான வரியை, "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று திருவிவிலியத்தில் வாசித்தபோது, 'தாழ்ச்சி' என்ற சொல்லுக்குள் இருந்த அர்த்தம் எனக்குப் புதிதாகத் திறந்தது.

5. நோட்டுப் புத்தகம்

மூன்று வரி எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தேவனைப் பற்றி இன்று என்ன கண்டேன், என்னைப் பற்றி என்ன கண்டேன், இன்றைக்கு என்ன செய்வேன். மூன்றாவது வரியில் "இன்னும் அதிகமாக அன்புகூருவேன்" என்று எழுதினால் அது எங்கேயும் போய்ச் சேராது. யாரிடத்தில், எதை, எப்போது என்று எழுத வேண்டும். யாக்கோபு சொல்கிற கண்ணாடி உதாரணம் இதுதான்: தன் முகத்தைப் பார்த்துவிட்டு, போனதும் தன் சாயல் இன்னதென்று மறந்துபோகிறவன் (யாக்கோபு 1:23, 24).

6. ஒரு வசனத்தை நாளுக்குள் கொண்டுபோவது

அன்றைய பகுதியிலிருந்து ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, சிறிய காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். வரிசையில் நிற்கும்போது, பயணத்தில், கோபம் வரும்போது எடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு வசனம் மனப்பாடம் செய்தாலும் வருஷத்துக்கு 52 வசனங்கள். தனியாக மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஓர் இரவில், கையில் வேதாகமமும் இல்லை, வாசிக்கிற நிலையிலும் இல்லை. உள்ளே இருந்த வசனங்கள்தான் ஒவ்வொன்றாக மேலே வந்தன. "உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" என்று சங்கீதக்காரன் சொல்வதன் பயன் அன்றைக்குத் தெரிந்தது.

7. கீழ்ப்படிவது

எஸ்றாவைப் பற்றிய வரியின் வரிசையைக் கவனியுங்கள்: வேதத்தை ஆராயவும், அதின்படி செய்யவும், உபதேசிக்கவும் தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தான் (எஸ்றா 7:10). நடுவிலுள்ள 'செய்யவும்' என்பதைத் தாண்டி நேராக உபதேசத்துக்குப் போவது சுலபம். வாசித்ததை அன்றைக்கே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, நான் கீழ்ப்படிந்துவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். மலைப்பிரசங்கத்தில் மத்தேயு 5:23ஐ வாசிக்கும்போதெல்லாம், அவர்தானே தவறு செய்தார், எனவே இது எனக்கு இல்லை என்று தாண்டிப்போவேன். ஒருநாள் மெதுவாக வாசித்தபோது, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்றிருந்தது. எனக்கு அவர்மேல் குறை இருக்கிறதா என்று இயேசு கேட்கவேயில்லை. அவருக்கு என்மேல் குறை உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு. யார் பக்கம் நியாயம் அதிகம் என்று கணக்குப் பார்க்க அந்த வசனம் எனக்கு இடம் தரவில்லை. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறது. நோட்டில் மூன்றாம் வரியாக, "இன்று மாலை அண்ணனுக்குப் போன் செய்வேன்" என்று எழுதினேன். மாலை ஆனபோது கை நடுங்கியது. போனை எடுத்தவர், "என்னடா, நல்லா இருக்கியா?" என்றார், நேற்றுத்தான் பேசியவர் போல. எனக்குப் பேச்சு வரவில்லை.

அதன் பிறகு எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், பேசித் தீர்க்க மாதங்கள் ஆயின. ஆனால் மறுநாள் காலை வேதத்தைத் திறந்தபோது, நெடுநாளாக மூடியிருந்த ஏதோ ஒன்று திறந்திருந்தது. வாசிப்பு வறண்டு போனால் நேரத்தையும் அட்டவணையையும் மாற்றுவதற்கு முன்பு, ஏற்கெனவே கேட்டும் செய்யாமல் வைத்திருப்பது ஏதாவது உண்டா என்று இப்போது முதலில் பார்க்கிறேன்.

8. கடினமான பகுதிகள்

எண்ணாகமம் 7ஆம் அதிகாரம் 89 வசனங்கள். பன்னிரண்டு பிரபுக்கள் பன்னிரண்டு நாள் ஒரே காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள். 130 சேக்கல் வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி என்று பன்னிரண்டு முறையும் எழுதியிருக்கிறது. இதைத் தாண்டிப்போகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு வருஷம் பொறுமையாக வாசித்தபோது, மற்றவனும் அதையேதான் கொடுத்தான் என்று ஒருவருடைய காணிக்கையையும் தேவன் சுருக்கி எழுதவில்லை என்று கண்டேன். கடைசி வசனத்தில், கிருபாசனத்தின்மேலிருந்து தன்னோடே பேசுகிறவரின் சத்தத்தை மோசே கேட்கிறான்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு 88ஆம் சங்கீதம். ஆறுதல் வரி எதுவுமில்லாமலே அது முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபத்துக்கும் வேதாகமத்தில் இடமுண்டு. புரியாத இடங்களை நோட்டில் கேள்வியாக எழுதி, போதகரிடமோ முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ கேளுங்கள். "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்க அந்த எத்தியோப்பிய மந்திரி வெட்கப்படவில்லை. வாரம் ஒருமுறை இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து, அவரவர் மூன்றாம் வரியைப் பகிர்ந்துகொள்வது இன்னும் நல்லது.

9. விட்டுப்போன நாட்கள்

விட்டுப்போகும். காய்ச்சல் வரும், பயணம் வரும், காரணமே இல்லாமலும் விட்டுப்போகும். பத்து நாள் விட்டுப்போனால் 35 அதிகாரங்களை ஒரே நாளில் வாசித்துச் சரிக்கட்ட முயலாதீர்கள், நான் அப்படி முயன்ற ஒவ்வொரு முறையும் அதற்கடுத்த வாரமே முழுவதும் நின்றுபோனது. இன்றைய தேதிக்குரிய பகுதியைத் திறங்கள். விட்டவை அடுத்த சுற்றில் வரும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த மன்னா என்ற ஆகாரம் அந்தந்த நாளுக்குரியது. அடுத்த நாளுக்கு என்று எடுத்துவைத்தது பூச்சி பிடித்தது, காலையில் தரையில் புதிது இருந்தது.

இந்த வருஷம் என் அட்டவணையில் காலிக் கட்டங்கள் நிறைய. இன்று காலை மாற்கு 10 மறுபடியும் வந்தது. அந்தக் கேள்வியிடம் வந்ததும் நிறுத்தி, இந்த முறை என் பதிலைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்தேன்.